நூற்று நாற்பத்து மூன்று படங்கள்

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் திருத்த மாட்டேன்.

முதல் உண்மை: இந்தப் பள்ளிக்கு வந்து ஒன்பது மாதமாகிறது. மதிய இடைவேளையில் இதுவரை என்னோடு பேசியவர் நூலகர் மட்டும்தான்.

இன்று வகுப்பு லீடர் தானாகவே என் பெஞ்சுக்கு வந்தாள். எங்கள் வகுப்பு டீச்சர் வேறு ஊருக்கு மாறிப் போகிறார். வெள்ளிக்கிழமை பிரிவு உபசார விழா. "உங்கம்மா பிரிண்டிங் கடைதானே வச்சிருக்காங்க? கல்யாணத்துல வைப்பாங்களே, ஸ்கேன் பண்ணா எல்லாரோட போட்டோவும் ஒரே ஆல்பத்துல போய்ச் சேருமே, அந்த போர்டு ஒண்ணு பண்ணித் தர்றியா?" அந்த ஆல்பம்தான் டீச்சருக்குப் பரிசாம்.

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "போதும்டி, கழண்டுடப் போகுது" என்றாள்.

மார்ச் 5, புதன்

கடைக் கணினியில், போன வாரம் ஒரு கல்யாணத்துக்குச் செய்த போர்டைத் திறந்து, வேறு பெயரில் சேமித்துக்கொண்டேன். எழுத்துகளை மாற்றினேன். பூக்களை எடுத்துவிட்டுப் புத்தகங்கள் வைத்தேன். பளபளப்பான தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் கேமரா க்யூஆர் கோடைப் படிக்காது என்று அம்மா மங்கலான தாளை எடுத்துத் தந்தாள்.

"ஸ்கேன் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேம்மா. திறக்குது."

மார்ச் 7, வெள்ளி

விழா நன்றாக நடந்தது. இன்று மட்டும் போனுக்கு அனுமதி. போர்டு பக்கத்திலேயே நின்று ஒவ்வொருத்திக்கும் எப்படி ஸ்கேன் செய்வது என்று காட்டினேன். படம் ஏறியதும் பச்சை டிக் வரும். அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், ஓடிப்போய் இன்னொரு படம் எடுப்பார்கள்.

"நீ இங்கயே நில்லு, சரியா?" என்றாள் லீடர்.

நான் எங்கே போகப் போகிறேன்?

மார்ச் 8, சனி

ஆல்பத்தில் ஒரு படம்கூட இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்கு அந்தக் கல்யாணப் பெண் போன் செய்தார். "எங்க ஆல்பத்துல யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க நூத்தி நாப்பத்து மூணு படத்துல நிக்கிறாங்க. இவங்கள்லாம் உங்க சொந்தமான்னு என் மாமியார் கேக்குறாங்க!"

எழுத்தை மாற்றினேன், பூவை மாற்றினேன், க்யூஆர் கோடை மாற்றவில்லை. திறக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எந்த ஆல்பம் திறக்கிறது என்று பார்க்கவில்லை. நல்ல வேளை, அவர் கோபப்படவில்லை. எல்லாவற்றையும் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

அம்மாவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

ஆல்பம் திறக்க நாளாகும் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ நம்ம டீச்சர் விழா யாரோ வீட்டுக் கல்யாணத்துல நடந்திருக்கு" என்றாள் லீடர். வகுப்பே சிரித்தது. "ஏய், கல்யாணப் பொண்ணு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு நாள் முழுக்க அதுதான் என் பெயர்.

வியாழக்கிழமை டீச்சருக்குக் கடைசி நாள். "அதுக்குள்ள படம் வரலன்னா இருக்கு உனக்கு" என்றாள் லீடர்.

இதற்கு எதற்கு அழுகிறேன்? சேச்சே.

மார்ச் 12, புதன்

படங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சரியான ஆல்பத்துக்கு மாற்றினேன். போர்டையும் புதிதாக அச்சடித்தேன். இந்த முறை எந்த ஆல்பம் திறக்கிறது என்று மூன்று தடவை பார்த்தேன்.

நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றிலும் நான் இல்லை. ஒரு படத்தில் போர்டு பாதி தெரிகிறது. நான் நின்ற பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது.

முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

மார்ச் 13, வியாழன்

மாலையில் அரங்கில் திரை கட்டி, ஆல்பத்தை டீச்சருக்குக் காட்டினோம். நான் எல்லாருக்கும் பின்னால் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டே வந்தார். படங்கள் முடிந்ததும் திரும்பினார்.

"முப்பத்தொம்போது பேர்தான் வந்தீங்க. ஒருத்தர் குறையுதே, யாரு?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லீடர் விரல் விட்டு எண்ணினாள். முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். யாருக்கும் தெரியவில்லை.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை தானாக மேலே போனது.

"நான்தான் டீச்சர்."

லீடருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "கல்யாணப் பொண்ணு இல்லாம என்னடி கல்யாணம்? வா, வந்து நில்லு."

டீச்சருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். அவளே புதுப் போர்டை ஸ்கேன் செய்து ஏற்றினாள். நூற்று நாற்பத்து நான்கு. அதில் என் கண்கள் பாதி மூடியிருக்கின்றன. இன்னொன்று எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

டீச்சரை வழியனுப்ப எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், காவலாளி வந்து அரங்கின் விளக்குகளை அணைத்தார். மணி நான்கு இருபது.