திரைக்குப் பின்னால் ஓர் ஓம்

பொட்டடித் தோழிக்கு,

நேற்று மாலை நமது வாசிகசாலை மண்டபத்தில் இளைஞர் ஒன்றுகூடல். உனக்கு அங்கே என்னடி வேலை என்று கேட்பாய். தேநீர் ஊற்றப் போனேன். ஊற்றி முடிந்ததும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பின்வரிசைக் கதிரையொன்றில் இருந்துவிட்டேன். யன்னல்களைச் சாத்தினார்கள். முன்சுவரில் வெள்ளைத் திரை ஒன்று தொங்கியது. பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ந்து அதை நிரப்பியது. படமோ எழுத்தோ இன்னும் வரவில்லை. அந்த வெறும் வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது. மண்டபத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

தங்கையின் மகள் என் கைத்தொலைபேசியைப் பறித்தாள்.

“பெரியம்மா, கேள்வி திரையிலை வரும். விடையை நீங்கள் இதிலை அமத்த வேணும். முதல்லை பேரை அடியுங்கோ.”

பெயரை அடித்தால் அது திரையில் எல்லோருக்கும் தெரியுமாம். பிள்ளைகள் தங்களுக்கு வாய்க்கு வந்த பட்டப்பெயர்களை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ஒரு பெயரை அடித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்முடைய காலத்துத் திரை ஓர் எட்டு முழ வேட்டி. அதற்குப் பின்னால் மண்ணெண்ணெயில் எரியும் ஒரு பெற்றோமக்ஸ் விளக்கு. ஊர் மன்றக் கூட்டத்தில் பேச்சுகளும் தீர்மானங்களும் முடிந்தபிறகுதான் நிழல் விளையாட்டு. அதற்காகத்தான் நாம் பேச்சுகளையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். மண்டபம் இரண்டு பக்கமாகப் பிரியும். ஒரு பக்கத்தார் ஒருவருக்கு வேடம் கட்டித் திரைக்குப் பின்னால் அனுப்புவார்கள். மற்றப் பக்கத்தில் சீட்டில் யாருடைய பெயர் வருகிறதோ அவர் எழுந்து, அந்த நிழலுக்குரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் சரியென்றால் பின்னாலிருந்து “ஓம்” என்று பதில் வரும். பிழையென்றால் நிழல் பேசாமல் போய்விடும். ஒரே ஒரு தரம்தான் கூப்பிடலாம். சங்கக்கடை அண்ணையை எந்தச் சாக்கால் போர்த்து அனுப்பினாலும் அவருடைய தொந்தி வண்டி அவருக்கு முன்னே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போது நீயும் நானும் கதைப்பதில்லை. உங்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஓலை வேலி. அதில் ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு பொட்டு. கறிச் சட்டி, பள்ளிக் கொப்பி, ஊர்ப் புதினம் எல்லாம் அந்தப் பொட்டால்தான் போய்வரும். பிறகு, வேலி அரை முழம் நகர்ந்துவிட்டது என்று பிணக்கு வந்தது. உன் அப்பாதான் நகர்த்தினார் என்று என் அப்பா. என் அப்பாதான் என்று உன் அப்பா. இன்றுவரை எனக்கு உண்மை தெரியாது, வேலிக்கு நட்ட கதியாலே தன்பாட்டில் நடந்ததோ என்னவோ. பொட்டை ஓலை வைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

“அந்த வீட்டு ஆக்களின்ரை பேர் இனி இஞ்சை ஒருத்தரின்ரை வாயிலையும் வரப்படாது” என்றார் அப்பா.

உங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான் என்று பின்னாளில் சொன்னாய். இரண்டு வருஷம் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். நீ கடலைப் பார்த்தாய், நான் கொண்டக்டரைப் பார்த்தேன். சண்டை பிடித்தவர்கள் அவர்கள். கதைக்க ஆளில்லாமல் போனது எனக்கு.

அன்று மாலை சீட்டில் என் பெயர் வந்தது. திரையில் ஒரு கோட்டு, தலைப்பாகை, கையில் குடை.

“உது தபால்கார அண்ணைதான். கெதியாச் சொல்லும்” என்று பக்கத்தில் இருந்த அக்கா என் கையைக் கிள்ளினாள்.

நான் சொல்ல வாயெடுக்கும்போது அந்த நிழல் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலால் கெண்டைக்காலைத் தேய்த்தது. பொட்டடியில் எனக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் நுளம்புக் கடிக்கு நீ அப்படித்தான் தேய்ப்பாய்.

அப்பா பின்வரிசை வாங்கில் இருந்தார். உன் அப்பா தூணடியில் நின்றார். தபால்கார அண்ணை என்று சொல்லித் தோற்றிருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள், வீட்டிலும் பிரம்புப் பூசை விழாது. ஆனால் நீ பேசாமல் திரும்பிப் போய்விடுவாய். பிறகு எந்தக் காலத்தில் உன்னைக் கூப்பிடுவது? எனக்கு நீ வேண்டும் என்பது மட்டும் அந்த நேரம் நன்றாகத் தெரிந்தது.

உன் பெயரைச் சொன்னேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெற்றோமக்ஸ் இரைந்துகொண்டேயிருந்தது. பிழையோ என்று நினைத்தேன். சரியாக இருந்தும் நீ சொல்லமாட்டாயோ என்றும் நினைத்தேன்.

“ஓம்” என்றாய்.

தலைப்பாகை கழுத்தில் விழ, நீ வேட்டியை விலக்கிக்கொண்டு வந்தாய். கரியால் கீறிய மீசை கண்ணீரில் கன்னமெல்லாம் இழுபட்டிருந்தது. நிழலில் தெரியாத மீசையை எதற்கடி கீறினாய்? கடைசிவரை நீ அதற்குப் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா அரிக்கன் லாம்போடு முன்னே நடந்தார். வீட்டுப் படலையடியில் எனக்குப் பூசை காத்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

“அவளெண்டு எப்பிடிப் பிடிச்சனீ?” என்று திரும்பாமலே கேட்டார்.

“நிக்கிறதைப் பாத்துத்தான் அப்பா.”

லாம்பை மற்றக் கைக்கு மாற்றினார்.

“அவளின்ரை தேப்பனும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்திலை தேவாரம் பாடேக்கையும் ஒத்தைக்காலிலைதான் நிப்பான்.”

அந்த வருஷம் பழைய ஓலையைக் கழற்றி வேலி அடைத்தபோது, அப்பா பொட்டு இருந்த இடம்வரை அடைத்துக்கொண்டு வந்தார். அங்கே நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தார். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு அப்பாலிருந்து அடைக்கத் தொடங்கினார். உன் அப்பா மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசவில்லை. அவர்கள் பேசியது யுத்தம் வந்து நாம் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றுதான். ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியபோது உன் அப்பா, “பெட்டையள் ரெண்டு பேரையும் நடுவிலை இருத்து” என்றார். என் அப்பா இருத்தினார்.

பிறகு நீ பிரான்சுக்குப் போனாய். நான் சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து சேர்ந்தேன். தொலைபேசியில் நாம் ஹலோ சொன்னதே இல்லை. நான் உன் பெயரைச் சொல்வேன், நீ “ஓம்” என்பாய். அதற்குப் பிறகுதான் மற்றக் கதை. போன மாசியில் ஒருநாள் எடுத்தபோதும் வழமைபோல உன் பெயரைச் சொன்னேன். “ஓம்” வரவில்லை.

“அம்மா இனி இல்லை, அன்ரி” என்றான் உன் மகன்.

நேற்று நான் திரையில் அடித்தது உன் பெயரைத்தான். இத்தனை பட்டப்பெயர்களுக்கு நடுவே அது பெரிய எழுத்தில் நின்றது. கேள்விகள் எல்லாம் சினிமாவும் கிரிக்கெட்டும். எனக்கு ஒன்றும் தெரியாததால் நீ கடைசியாக வந்தாய். கோபிக்காதே. கடைசியாக வருபவருக்கும் ஒரு பரிசு உண்டாம். விளையாட்டை நடத்திய தம்பி திரையைப் பார்த்து உன் பெயரை வாசித்தான். ஒருவரும் எழும்பவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக, இன்னொரு தரம் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

பிழையான பெயருக்குத்தானே பதில் வராமல் போகும். நான் எழுந்து நின்றேன்.

“ஓம்” என்றேன்.