கிண்ணத்தைத் தொடாத மாப்பிள்ளை

அன்பு மகள் மேரிமுக்கு, கராசூ சந்தையிலிருந்து அம்மா எழுதுவது. இதைக் கூட்டத்தில் பிரிக்காதே. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, உட்கார்ந்துகொண்டு படி. ஜோமார்ட்டை ரஷ்யாவிலிருந்து திருப்பி அனுப்பியது, அவன் உன்னிடம் சொன்ன மாதிரி பதிவுக் காகிதக் கோளாறால் இல்லை. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, இனி உள்ளே வரவே கூடாது என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். நான் முழங்கால் வலியைத் தவிர நன்றாக இருக்கிறேன். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறவள்தான், இந்தத் தடவை அதைப் பேச்சுக்காக எழுதவில்லை.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மாஸ்கோவில் உன் அறையில் அத்தனை பெண்கள் படுக்கிறார்கள், உன் போன் யார் கையில் இருக்கிறதென்று எனக்கெப்படித் தெரியும். அதனால்தான் காய்ந்த தயிர் உருண்டை மூட்டைக்குள் வைத்து, பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். மூட்டை வாயை நீல நூலால் நானே தைத்தேன். வேறு நூல் இருந்தால் எவனோ பிரித்திருக்கிறான் என்று அர்த்தம், உடனே எனக்குச் சொல்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேள். சொந்த வீட்டுக்குப் போகாமல் மாமியார் வீட்டுக்கு வந்து இறங்குகிற மாப்பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஒரே ஒரு பை. மாஸ்கோவிலிருந்து வருகிறவன் ஒரு சாக்லேட் டப்பாகூடக் கொண்டு வரவில்லை. கேட்டதற்கு, "சந்தையில ஏதாச்சும் வேலை பாக்கலாம்னுதான் அத்தை" என்றான். பெற்ற தாய் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் அது என்று இப்போது புரிகிறது. உன் காசிம் மாமா அவனைப் பார்க்க வந்த அன்று புலாவ் செய்தேன். டீ ஊற்றி, வழக்கம்போல ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டு வந்தோம், அவன் முறை வந்ததும் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான், வயிறு சரியில்லையாம். புலாவையும் பொதுத் தட்டில் கை வைக்காமல் தனித் தட்டில் வாங்கிக்கொண்டான். காசிம் விடுவானா, "ஏன் மாப்ளே, மாஸ்கோ போனதும் எங்க எச்சில் நாறுதோ? அடுத்த தடவை கத்தியும் முள்கரண்டியும் கொண்டாந்து வைக்கச் சொல்றேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் கர்வக்காரன் இல்லை, அது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் நம் பூட்ஸ் கடையில் அட்டைப்பெட்டியை அறுக்கும்போது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான். நான் துணியோடு ஓடினேன். "தொடாதீங்க அத்தை!" என்று ஒரு கத்துக் கத்தினான், பக்கத்துக் கண்டெய்னர் கடைக்காரனெல்லாம் எட்டிப் பார்த்தான். ஊசி போடுகிற பழக்கம் வந்துவிட்டதோ என்று நினைத்து அவன் சட்டைக் கைகளைத் துவைக்கும்போது பார்த்தேன், ரத்தப் பொட்டு ஒன்றுகூட இல்லை. மதியமானால் கடையிலிருந்து காணாமல் போகிறான். ஒருநாள் பின்னாலேயே போனேன். பொத்தானும் ஜிப்பும் விற்கிறாளே துர்சுனாய், புருஷன் செத்தவள், அவள் கடைக்குள் நுழைந்தான். என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். என் மகள் பிள்ளையைச் சுமந்துகொண்டு அங்கே பனியில் தரை துடைக்கிறாள், இவன் இங்கே பொத்தான்காரியோடு கொஞ்சுகிறானா என்று கொதித்துக்கொண்டு திரையை விலக்கினால், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கிண்ணத்தைத் தொடாதவன்!

நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். துர்சுனாய் அசையவில்லை. "உக்காருங்க அக்கா. சத்தம் போட்டா சந்தையே காசில்லாம கேட்டுட்டுப் போகும்" என்றாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டின பிறகுதான் சொன்னாள். அவளுக்கும் அது இருக்கிறது, புருஷனிடமிருந்து வந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இரண்டாவது பெண்ணைப் பெற்றிருக்கிறாள், அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறது, அதற்கு ஒன்றும் இல்லை. இவனை ஓஷ் நகரத்து டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை தொடங்க வைத்ததும் அவள்தான். பெண்களின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் இது இருக்கிறதா என்று ரகசியமாகப் பார்த்துச் சொல்கிற வேலையும் செய்கிறாளாம். கிண்ணத்தால் ஒட்டாது, தட்டால் ஒட்டாது, கை கொடுத்தால் ஒட்டாது என்று சொல்லிவிட்டு அந்தக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். என் கை தயங்கியது, அவள் பார்த்துவிட்டாள். குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

பிறகு அவனிடம் கேட்டேன், ஒட்டாது என்று தெரிந்தும் என் வீட்டுக் கிண்ணத்தை ஏன் மூடினாய் என்று. "நாளைக்கு விஷயம் வெளிய வந்தா, தெரிஞ்சே எங்க வாயில வச்சான்னு சொல்லுவாங்க அத்தை" என்றான். சரி, கிண்ணத்துக்கு இவ்வளவு யோசித்தவன் என் மகளிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அழுதான். அழுகைக்கெல்லாம் நான் விலையைக் குறைத்துக் கொடுக்கிறவள் இல்லை, விடாமல் கேட்டேன், பொம்பளையா ஊசியா என்று. கட்டட வேலையில் முதுகுவலிக்கு ஒருத்தன் எல்லோருக்கும் ஒரே ஊசியால் மருந்து போட்டானாம், கல்யாணத்துக்கு முந்தியாம். இருக்கலாம். நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உன் விஷயம். போன வருஷம் வேலைக்குக் கொடுத்த மருத்துவச் சான்றிதழில் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதானே போட்டிருந்தது என்று நினைப்பாய். நீங்கள் இரண்டு பேரும் அதைப் பரிசோதனையே இல்லாமல் மெட்ரோ வாசலில் நின்றவனிடம் காசு கொடுத்து வாங்கினீர்கள். வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது என்று நீயே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். நான் தோல் என்று எழுதின ரெக்சின் பூட்ஸை எத்தனை பார்த்திருக்கிறேன், மேலே ஒட்டின சீட்டைப் பார்த்து வாங்கினதில்லை. மகளே, உன் ரத்தத்தை இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. இந்தத் தடவை அவர்கள் நேரில் எடுத்ததால்தான் ஜோமார்ட் மாட்டினான். அங்கே நீ பேர் கொடுத்து எடுத்து, இருக்கிறது என்று வந்தால் உன்னையும் இந்த வயிற்றோடு பிடித்து ஏற்றி அனுப்புவார்கள். நீயாகவே வந்துவிடு. இங்கே பார்ப்போம். ஒன்றும் இல்லை என்று வந்தாலும் கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுக்க வேண்டுமாம், இருக்கிறது என்றால் அன்றைக்கே மாத்திரை. நேரத்தோடு தொடங்கினால் பிள்ளைக்கு ஒட்டாமல் காப்பாற்றலாம் என்று, நானே போய்க் கேட்டபோது ஓஷ் டாக்டர் சொன்னார். நான் அந்த ஒருவர் வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டு வரவில்லை, இன்னொரு டாக்டரிடமும் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். தள்ளிப்போடத்தான் கூடாது. கூட வேலை செய்கிறவர்களிடம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று சொல். அழுத முகத்தோடு சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவார்கள். கம்பளிக் காலுறை போட்டுக்கொள், கனமான பையைத் தூக்காதே.

துர்சுனாய்மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. சும்மா எவள் எவனுக்கு உதவுவாள்? எங்கள் பேரைச் சந்தையில் விற்றுவிட்டால் என்ன செய்வது என்று நேராகவே கேட்டேன். "உங்க மாப்பிள்ளை பேரை நான் சொன்னா, நாளைக்கு எவ அக்கா என்கிட்ட விரலை நீட்டுவா?" என்றாள். அது கடைக்காரி பதில், எனக்குப் புரிகிற பதில். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டாள். பேரம் பேசினேன். இறங்கவில்லை.

ஆண்டவன் உன்னையும் உன் பிள்ளையையும் முழு உடம்போடு என் வாசலில் கொண்டுவந்து விடட்டும். யார்மேல் சந்தேகப்பட்டாலும் உன்னை நான் ஒரு நாளும் சந்தேகப்பட மாட்டேன், அதை மறக்காதே. ஜோமார்ட் இதோ எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான், ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படிக்கிறான். பேசி முடித்தது இதுதான். இந்த மாதத்துக்குள் நீ வருகிறாய், டிக்கெட் என் பொறுப்பு. அவன் என் கடையில் வேலை செய்வான், மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குவான். அவனோடு இருப்பதா வேண்டாமா என்பதை நீதான் சொல்வாய், நீ சொல்லும்வரை அவனும் கெஞ்சக் கூடாது, நானும் பிரிக்கக் கூடாது. அவன் அம்மாவுக்கும் காசிமுக்கும் என் வாயால் ஒரு வார்த்தை போகாது. துர்சுனாய்க்கு நான் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க என் கடையில் பெண்கள் பூட்ஸ் போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் ஒரு மேஜை. புருஷனை ரஷ்யாவில் விட்டிருக்கிறவள் எவளும் பூட்ஸ் பார்க்கிற மாதிரி உள்ளே போய் விரலைக் காட்டிவிட்டு வரலாம். முதல் ஞாயிறு, எல்லோரும் பார்க்க, முதலில் திரைக்குள் போகிறவள் நான்.

உன் அம்மா,
கலிபா

சம்மதித்து,
ஜோமார்ட்