உப்பில்லா விரதத்தால் பறிபோன கருவியைத் திரும்பக் கேட்டு மனு

அனுப்புநர்:
அ. பூவிழி,
க/பெ. அரிகிருஷ்ணன் (மீனவர்),
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
மனநல மருந்தளவுக் கருவி சோதனைத் திட்டம்,
புதுச்சேரி.

பொருள்: திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட என் கணவருக்கு லித்தியம் அளவு பார்க்கும் கருவியைத் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் கணவர் மூன்று ஆண்டுகளாக மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அதற்கு முன், ஐந்து நாள் தூங்காமல் இருந்து, தனியாகப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார். கடலூர்ப் படகுக்காரர்கள்தான் கட்டி இழுத்து வந்தார்கள். மாத்திரைதான் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ரத்தத்தில் மருந்து கூடினால் விஷம், குறைந்தால் நோய் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

2. தாங்கள் கொடுத்த கருவி, சர்க்கரை பார்க்கும் மெஷின் போல, விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டில் அளவைக் காட்டிவிடும். எட்டு மாதம் பயமில்லாமல் இருந்தோம்.

3. ஆடி மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நோய் அடியோடு தீரட்டும் என்று வீராம்பட்டினம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தேர் வரைக்கும் அவரை உப்பில்லாமல் சாப்பிட வைத்தேன். உப்பைக் குறைத்தால் லித்தியம் உடம்பிலேயே தங்கிவிடும் என்று கருவியோடு தந்த கையேட்டில் இருந்ததாம். நான் படிக்கவில்லை. ஒன்பதாம் நாள், "கை நடுங்குது பூவு, வலைய புடிக்க முடியல" என்றார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்தார்.

4. திட்டத்தின் உணவு விதியை மீறினார் என்று எழுதி 29.08.2025 அன்று கருவியை வாங்கிக்கொண்டார்கள். மீறியது நான் அய்யா. அவர் நான் போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டார்.

5. அதன்பிறகு பயத்தில் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் அதையும் சாப்பிட்டார். உப்பு மிஞ்சினால் மருந்து குறைந்துவிடும் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து அதற்கும் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம், முடிவு நாளை மறுநாள்தான் வரும்.

6. மூன்று நாளாக அவர் தூங்கவில்லை. நேற்று தனியாகக் கடலுக்குப் போகிறேன் என்றார். டீசல் கேனைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் ஒளிக்க முடியும்?

ஆகவே, தண்டனையை என் பெயரில் எழுதிக்கொண்டு, கருவியை இன்றே அவரிடம் கொடுக்கும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேண்டுதலை நான் விட்டுவிட்டேன். அம்மன் கோபித்தாலும் என்னைத்தான் கோபிக்கட்டும்.

தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
அ. பூவிழி

இடம்: புதுச்சேரி
நாள்: 08.09.2025