குட்டை வாளுக்கு ஒரு வேலை

என் வாயாடிக்கு,

துப்பாக்கி இருக்கும்போது குட்டை வாள் எதுக்கு, வெங்காயம் நறுக்கவான்னு கேட்டுச் சிரிச்சியே! இதுவரைக்கும் டப்பா திறக்கத்தான் உதவிச்சுடி.

நேத்து எதிரிப் படைக்காரன் ஒருத்தன் எங்க முள்வேலியில மாட்டிக்கிட்டான். மீசைகூட சரியா முளைக்கல. நான் வாளை உருவினதும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். ஊசி போடும்போது நம்ம சின்னவ மூடிக்குவாளே, அதே மாதிரி. சிக்கியிருந்த அவன் கால்சட்டைத் துணியை அறுத்துவிட்டேன். ஓடிட்டான்.

இன்னைக்கு அதிகாரி வந்து, "இந்த வாளால ஏதாவது பிரயோஜனம் உண்டா?"ன்னு கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா"ன்னுட்டேன்.

லீவுல ஊருக்கு வர்ற எங்க முகாம் சமையல்காரர்கிட்ட இந்தக் கடுதாசியைக் கொடுத்தனுப்புறேன். படிச்சதும் அடுப்புல போட்டுடு. அடுத்த ஊசிக்குச் சின்னவ கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. கண்ணை மூட வேண்டாம்னு அப்பா சொன்னார்னு சொல்லு.

உன் முரடன்