பதினொரு பேர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

பஸ் ஏறியதிலிருந்து மனம் சரியில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் உன் அக்காவாக மட்டும் வரவில்லை. எங்கள் நிறுவனம் போடும் தோட்டங்களுக்குச் செடியும் கல்லும் எங்கிருந்து வருகிறதோ, அங்கே யாரும் கட்டாயத்தின் பேரில் வேலை செய்யவில்லை என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் பிழைக்க வந்த இந்த நாட்டில் இந்த வருஷம் வந்த விதி. நீ மேனேஜராக இருக்கும் நர்சரிதானே, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

ஆட்கள் தங்கும் அறைக்கு வெளிப்பக்கம் எதற்குத் தாழ்ப்பாள் என்று கேட்டேன். “நாய் நுழையுதுக்கா” என்றாய். நாயை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

நீ போன் பேசப் போனபோது, தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “பதினோரு பேரோட பாஸ்போர்ட்டும் மேனேஜர் பீரோவுல இருக்கு. கேட்டா எதுக்கும்பாங்க. காரணம் சொன்னா, சீசன் முடியட்டும்பாங்க. அஞ்சு சீசன் முடிஞ்சிருச்சு.”

இருபதாம் தேதிக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குள் எல்லாருடையதையும் திருப்பிக் கொடுத்துவிடு. தாழ்ப்பாளைக் கழற்றிவிடு.

ரொம்ப இளைத்துவிட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

வந்தாய், டீ குடித்தாய், செடி நன்றாக இருக்கிறது என்றாய். உன் வீடு போய்ச் சேர்ந்ததும் இப்படி ஒரு கடிதம்.

பாஸ்போர்ட் தொலைந்துவிடக் கூடாது என்றுதான் பத்திரமாக வைத்திருக்கிறோம். முதலாளி போட்ட ஏற்பாடு அது. மண் அள்ளுகிற பெண் சொன்னதை நம்புகிறாய், கூடப் பிறந்தவனை நம்பவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடாது.

எனக்காக இதுவரை நீ பெரிதாக எதுவும் செய்ததில்லை. இதையாவது செய்.

தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். கையெழுத்துப் போட முடியவில்லை.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். போன வருஷம் அவள் மகளுக்கு ஆபரேஷன். ஊருக்குப் போகிறேன் என்று உன்னிடம் இரண்டு முறை கேட்டாளாம். நீ செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசினாயாம்.

எனக்கு நம் அம்மா ஞாபகம் வந்தது. ஊரில் அவள் உடலை உனக்காக இரண்டு நாள் வைத்துக் காத்திருந்தோம். லீவு கிடைக்கவில்லை என்று மூன்று வரி அனுப்பினாய். பெரியப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். நாலு வருஷமாக உன்னிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன். உன்னால் எப்படி வராமல் இருக்க முடிந்தது?

அக்கா


மார்ச் 14

அக்கா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

என் பாஸ்போர்ட் முதலாளி வீட்டு லாக்கரில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த வாரம் ஏதோ பதிவு என்று வாங்கினார். ஆறு வருஷம் ஆகிறது. அம்மா செய்தி வந்த அன்று அவர் வாசலில் போய் நின்றேன். “நீ போய்ட்டா அந்தப் பதினோரு பேரையும் யாரு பாக்குறது? அதுல ஒருத்தன் காணாமப் போனாலும் உன்னோடதை மறந்துரு” என்றார். திரும்பி வந்தேன். அன்றைக்குத்தான் அந்தத் தாழ்ப்பாளை வாங்கிப் போட்டேன்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரில் எல்லாரும் என்னை மேனேஜர் என்கிறார்கள்.

நீ பார்த்ததை அப்படியே எழுது. என் பேரையும் எழுது.

தம்பி


மார்ச் 18

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே வந்து விளக்கைப் போட வெகு நேரம் ஆனது.

அன்று பதினொரு பேரின் விவரத்தையும் ஒவ்வொன்றாகக் குறித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் நாற்காலியும் என் கண்ணை மறைத்துவிட்டன. வருஷா வருஷம் செடி விலையைக் குறைக்கச் சொல்லி உன்னை நெருக்கியதும் நான்தான். எப்படிக் கட்டுபடியாகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அறிக்கை போய்விட்டது. “தம்பி பேரை விட்டுரலாமே” என்றார் எங்கள் டைரக்டர். “விட்டா அவன் அங்கேயே இருந்துருவான் சார்” என்றேன். அதிகாரிகள் அடுத்த வாரம் வருவார்கள்.

எல்லாம் முடிந்ததும் இங்கே வந்துவிடு. பக்கத்து அறையில் கிடந்த சாமான்களை ஒதுக்கிவிட்டேன். வேலை விட்டு வந்தால் இந்த வீட்டில் ரேடியோதான் என்னோடு பேசுகிறது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ எழுதியபடியே அதிகாரிகள் மறு வாரம் புதன்கிழமை வந்தார்கள். அதற்கு முந்தின நாளே நான் பீரோவைத் திறந்து எல்லாருடையதையும் கொடுத்துவிட்டேன். மண் நிரப்புகிற அந்தப் பெண், தன் படம்தானா என்று பிரித்துப் பார்த்தாள். “இத்தனை நாளும் சாவி உங்க கையிலதான் சார் இருந்துச்சு” என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

முதலாளி விசாரணையில் இருக்கிறார். அதிகாரிகள் என் பேரை இரண்டு பட்டியலில் எழுதினார்கள். அடைபட்டவர்கள் பட்டியலில் ஒன்று, அடைத்தவர்கள் பட்டியலில் ஒன்று. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, நம் ஊருக்குப் போகலாம் என்றார்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தது. தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக, நம் நாட்டுக்கு ஒரு வழிக்கு மட்டும் செல்லும் காகிதம் ஒன்று தந்திருக்கிறார்கள்.

பதினொரு பேரும் வேனில் ஏறினார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எழுதியிராவிட்டால் நான் அங்கேயே கிடந்திருப்பேன். ஆனால் உன் வீட்டுக்கு வர முடியாது. நீ ஒதுக்கி வைத்த அறையில் படுத்தால், வெளியே நீ கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அது உன் கையா, தாழ்ப்பாள் போட்ட என் கையா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். இப்போதைக்கு என்னைத் தேடாதே.

நம் வழக்கப்படி போய் வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

போகிறேன், அக்கா.

தம்பி