கெரெக்வார் தொகுதியில் வாய்விட்டுச் சொன்ன ஒரு வாக்கு

அனுப்புநர்:
பெடெர் இக்னாட்ஸ்,
தண்ணீர் ஆலைக்காரர்,
நாத்ரேவ் கிராமம்,
கெரெக்வார் தொகுதி, ஹங்கேரி.

பெறுநர்:
உயர்திரு ஷாரோஷி எடென் அவர்கள், வழக்கறிஞர்,
கெரெக்வார் நாடாளுமன்றத் தொகுதியின் சென்ற தேர்தல் தலைவர்,
மாவட்டத் தேர்தல் குழு உறுப்பினர்,
கெரெக்வார்.

பொருள்: சென்ற ஆண்டுத் தேர்தலில் தாங்கள் காட்டிய பொறுமைக்கு நன்றி தெரிவித்தல் – திக்குவாய் என்ற காரணத்தால் என் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். எனக்குப் பிறவியிலேயே நாக்கு திக்கும். ஆலையில் சக்கரம் ஓடும் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை. தாளில் மட்டும் எனக்குத் திக்காது. ஆகவே மனு சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. நம் நாட்டில் வாக்கு என்பது வாயால் சொல்வது. தேர்தல் தலைவரின் மேஜைக்கு முன் நின்று, ஊரார் கேட்க, வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு வாக்குரிமை வந்த 1896-ஆம் ஆண்டில் ஒரே வேட்பாளர்தான். அனைவரும் சேர்ந்து கூவித் தேர்ந்தெடுத்தோம். கூட்டத்தோடு கூவும்போது எனக்குத் திக்குவதே இல்லை. தேர்தல் என்றால் இவ்வளவு சுலபமா என்று அன்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

3. 1901-இல் இருவர் நின்றனர். அவரவர் கட்சி இறகைத் தொப்பியில் செருகிக்கொண்டு வண்டி வண்டியாகப் போனோம். மேஜைக்கு முன் போனதும் என் உதடு ஒட்டிக்கொண்டது. அன்றைய தலைவர், "அடுத்த ஆளு வாய்யா!" என்றார். 1905-இல் என்னைச் சுவரோரமாக நிற்க வைத்து, "கடைசியா வா, பாத்துக்கலாம்" என்றார்கள். நின்றேன். நேரம் முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். முற்றத்தில் வாக்களித்தவர்களுக்கென்று குல்யாஷ் என்ற இறைச்சிக் குழம்பு அண்டா இறங்கியிருந்தது. பசி தாங்காமல் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன். "ஓட்டே போடாம குல்யாஷ் தின்ன ஒரே ஆளு நீதான்டா!" என்று இன்றும் மதுக்கடையில் கேலி செய்கிறார்கள். மறு ஆண்டு மீண்டும் ஒரே வேட்பாளர், மீண்டும் கூவல், மீண்டும் நான் பிழைத்தேன். இதுதான் ஐயா, என்னைப் பொறுத்தவரை இத்தொகுதியின் தேர்தல் வரலாறு.

4. சென்ற 1910-இல் பலாஷ்டி பேலா அவர்களும் தோர்மாய் லாயோஷ் அவர்களும் நின்றனர். என் மனம் பலாஷ்டி பேலா பக்கம். எனக்கு மிகவும் சண்டித்தனம் செய்யும் எழுத்து 'ப'. என் மனைவி ரோஸா, "பேசாம தோர்மாய்க்கே போட்டுட்டு வாங்களேன், அந்தப் பேராவது வாயில வரும்" என்றாள். கூடவே, "என்கூடச் சண்டை போடும்போது மட்டும் 'ப'னா, 'பா'வன்னா எல்லாம் சரளமா வருதே!" என்றும் சொல்லிச் சிரித்தாள். வாயில் வருகிறது என்பதற்காக ஒருவருக்கு வாக்களிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

5. மழை கொட்டிக்கொண்டிருந்தது. முடியும் நேரம் அறிவிக்கப்பட்டு, தங்கள் பைக்கடிகாரம் மேஜைமேல் திறந்திருந்தது. நான் வந்து நின்றேன். உதடு ஒட்டியது. பின்னால் நனைந்துகொண்டிருந்தவர்கள், "சொல்லித் தொலையேன்டா! நாங்க விடிய விடிய நிக்கணுமா?" என்று கத்தினார்கள். எங்கள் ஊர் எழுத்தர் கொல்லார் வின்ட்ஸெ, எனக்கு உதவுவதாக நினைத்து, "பலாஷ்டியா? தலைய ஆட்டு போதும்" என்றார். அப்போது தாங்கள் எழுந்து, "யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் ஓட்ட அவரே சொல்லுவார்" என்றீர்கள். பிறகு கடிகாரத்தை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம், "மெதுவா சொல்லுங்க, இக்னாட்ஸ். உள்ள வந்துட்டவருக்கு நேரம் முடியாது" என்றீர்கள். தாங்கள் என் முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை, வேறு பக்கமும் திரும்பவில்லை. சும்மா காத்திருந்தீர்கள். எவ்வளவு நேரமோ தெரியாது. பலாஷ்டி பேலா என்ற பெயர் முழுதாக வந்தது. கூடத்தில் இறகு வித்தியாசம் பார்க்காமல் தொப்பிகளைத் தூக்கி வீசினார்கள்.

6. பலாஷ்டி அவர்கள் படுதோல்வி அடைந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வண்டியில் திரும்பும்போது ஜெயித்த கட்சிக்காரர்களைவிட நான்தான் அதிகம் பாடினேன். அன்று குல்யாஷை இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன், தலை நிமிர்ந்து.

7. இப்போது வந்துள்ள குறை இதுதான். பட்டியல் திருத்தத்தில், "மேற்படியார் தாமதமின்றி வாக்கைக் கூற இயலாதவர், பிற வாக்காளர்களை மழையில் நிறுத்தினார்" என்று எழுத்தர் கொல்லார் ஆட்சேபம் கொடுத்து, என் பெயரை நீக்கக் கோரியுள்ளார். அவர் கெட்டவர் அல்லர். அந்த மழையில் அவருக்கு நெஞ்சுச்சளி வந்து ஒரு மாதம் படுத்துவிட்டார், அந்த எரிச்சல். நானே அவருக்குத் தேன் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவில்லை.

8. வரும் திங்களன்று குழுவின் முன் நானே ஆஜராகி, கேட்கும் கேள்விகளுக்கு வாயால், தாமதமின்றி விடை சொல்ல வேண்டுமாம். தவறினால் பெயர் போய்விடும். வாக்குரிமை வந்த இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறை தனியாகச் சொன்ன வாக்கு அது ஐயா. அது அத்தோடு நின்றுவிடுமோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

9. எனவே, ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்து என் பெயரைப் பட்டியலில் நிலைக்கச் செய்யுமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அது தங்கள் ஒருவர் கையில் இல்லை என்றால், திங்களன்று குழுவில் தாங்கள் அமர்ந்திருந்தாலே எனக்குப் போதும். முதல் கேள்வியாக என் பெயரைத்தான் கேட்பார்கள். என் பெயரும் 'ப'வில் அல்லவா தொடங்குகிறது? தங்கள் கடிகாரம் சட்டைப்பையில் இருக்கிறது என்று தெரிந்தால், பெடெர் இக்னாட்ஸ் என்று நானே சொல்லிவிடுவேன்.

நாள்: 16 மே 1911
இடம்: நாத்ரேவ்

தங்கள் பொறுமையை மறவாத,
(கையொப்பம்)
பெடெர் இக்னாட்ஸ்,
வாக்காளர்