தோல் ஷெட் காற்று

9 நவம்பர் 1992

மூன்றாவது நாளாக மழை. இவர் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார். மீனம்பாக்கத்தில் இவர் பயிற்சியாளராக இருக்கும் பறக்கும் கிளப்பில் மழை நாளில் எதுவும் மேலே ஏறாது. ஏறினால்தான் காசு. மாணவனோடு ஆகாயத்தில் இருந்த நேரத்துக்கு மட்டும் சம்பளம். தரையில் பாடம் நடத்துவது, விமானத்தைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் தர்மத்துக்கு. மழை, பனிமூட்டம், பெட்ரோல் வராத வாரம், எஞ்சின் சாமான் வராத மாதம், எதற்கும் காலணா கிடையாது. வீடு நடப்பது தாம்பரம் பள்ளிக்கூடத்தில் நான் தொண்டை கிழியக் கத்தும் சம்பளத்தில்.

இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. வீட்டு ஓனர் சிட்டிபாபு குடையோடு வந்து நின்றார். "டீச்சரம்மா, தை மாசத்துலர்ந்து வாடகை கொஞ்சம் ஏத்திக் குட்துடுங்க. பைலட்டு வூட்லயே ஏத்தலன்னா வேற யார் வூட்ல போய் கேக்கறது?" பிள்ளையார் கோயில் நன்கொடைக்குக்கூட முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

சாயங்காலம் இவர் கேட்டார்: "நாத்தம் வருதா?"

பம்மல்காரர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டுக்கு மேற்கே தோல் பதனிடும் ஷெட்டுகள். காற்று மேற்கிலிருந்து வீசினால் நாற்றம் அடுப்படி வரை வந்துவிடும். மழைக்காலத்தில் மேல்காற்று வந்தால் மறுநாள் வானம் வெளுக்கும். இவருக்கோ சளி, மூக்கு வேலை செய்யவில்லை. எனக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து, "லேசா வருது" என்று சொல்லிவைத்தேன். உடனே துணி கேட்டு, ஷூவைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

10 நவம்பர்

மழை. ஷூ மட்டும் பளபளவென்று இருக்கிறது.

15 நவம்பர்

வானம் வெளுத்துவிட்டது. துணிகளை எல்லாம் மாடியில் காயப்போட்டேன். சிவப்புச் சுங்குடியைக் கொடியில் போடும்போது 1983 ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிது. நாற்றமும் விமானச் சத்தமும் இருப்பதால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் கிடைத்தது. இவர் சொன்னார்: "மாடியில சிவப்புப் புடவைய காயப்போடு. மேலேர்ந்து நம்ம வீடு தெரியும்." அப்போது கிளப்பில் புஷ்பக் என்று ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரலாம், மேலே துணி போர்த்தியிருக்கும், தையல் மிஷின் மாதிரி சத்தம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும் என்பதால், மேல்காற்று நாளில் அது எங்கள் தலைக்கு மேலேயே ஏறி வரும். சுங்குடியைப் பார்த்ததும் இறக்கையை இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டும். சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்டியைக் கையில் பிடித்தபடி மாடிக்கு ஓடியிருக்கிறேன்.

கையில் அப்போது இதைவிடக் குறைவு. அரிசிக்கே யோசித்த நாட்கள் உண்டு. ஆனாலும் அந்த நாட்கள் திரும்பி வரட்டும் என்றால், நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

20 டிசம்பர்

இன்று இரண்டு விஷயம்.

அருள்மேரி முதன்முறையாகத் தனியாகப் பறந்தாள். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண், அப்பா ரயிலில் கார்டு. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் இவரிடம் கற்றுக்கொள்கிறாள். எங்கள் வீட்டுக்கு மேலே வந்ததும் இறக்கையை ஆட்டிவிட்டுப் போனாள்! இறங்கியதும் இவர், "தனியா போறப்ப அதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டாராம். "அதுவும் பாடத்துல ஒண்ணுன்னு நெனச்சேன் சார். சிவப்புப் புடவை வந்தா ஆட்டணும்னு" என்றாளாம். கூடப் பறந்த நாளெல்லாம் இவர் ஆட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அடுத்தது கிட்டு. இவரிடம் படித்த பையன். இப்போது புதிதாக வந்த ஒரு தனியார் விமானக் கம்பெனியில் இருக்கிறான். ஸ்வீட் பெட்டியோடு வந்தான். மழையோ வெயிலோ அவனுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. "சார், ஆள் எடுக்கறாங்க. ஆனா நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்க." இவருக்கு ஆகஸ்ட் வந்தால் நாற்பத்தைந்து.

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்றார். கிட்டு போன பிறகு பழைய சர்ட்டிபிகேட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது போல் இருந்தேன். கிடைக்கணும், முருகா. இவர் ஒருதடவையாவது மழையைப் பார்த்துச் சிரிக்கணும்.

17 பிப்ரவரி 1993

போச்சு.

நேற்று ஹைதராபாத்தில் கிட்டுவின் கம்பெனி வைத்த பரீட்சை. நிஜ விமானம் இல்லை; ஓர் அறைக்குள் விமானத்தின் மூக்கு மட்டும், ஆனால் நிஜம் போலவே ஆடுமாம். நன்றாகத்தான் போயிருக்கிறது. திடீரென்று ஒரு பக்கத்து எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். விமானம் சாய்ந்தது. இவர் கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்!

"பக்கத்து சீட்ல இருக்கறவன் திருத்திடுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் திருத்தலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஓட்டறது நான்தான்னு."

சொல்லிவிட்டு இவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரலை. எத்தனை வருஷம்! பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கை துறுதுறுத்தாலும் தொடாமல், தப்பு செய்யட்டும், அவனே திருத்தட்டும் என்று காத்திருந்து காத்திருந்து... அதுக்குத்தானே இந்தப் பிச்சைக்காசு கொடுத்தாங்க? அதுவே இவர் கையைக் கட்டிப்போட்டுடுச்சே. யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?

18 பிப்ரவரி

கிட்டு கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை வாங்கித் தருகிறானாம். ஜூனில். அதுதான் கடைசி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கைத் தாங்களே திருத்தும்போது எனக்கு மொபெட் ஞாபகம் வந்தது. 1986-இல் எனக்கு டிவிஎஸ் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் இவர்தான். பின்னால் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, "பதறாத, நீயே திருத்து" என்பார். சாக்கடை விளிம்பு வந்த பிறகுதான் இரண்டு விரலால் ஹேண்டிலைத் தொடுவார். கற்றுக்கொண்டேன். அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான், இன்றுவரை முன்னால் வரவில்லை. பல்லாவரம் ஸ்டேஷன் வரை நான்தான் ஓட்டுகிறேன். அங்கே வண்டியைப் போட்டுவிட்டு, இவர் மீனம்பாக்கத்துக்கு ஒரு பிளாட்பாரம், நான் தாம்பரத்துக்கு எதிர் பிளாட்பாரம்.

சாயங்காலம் சாவியை இவர் கையில் வைத்தேன். "நாளையிலேர்ந்து நீங்க முன்னாடி."

19 பிப்ரவரி

பம்மல் மார்க்கெட்டில் ஒரு எருமை குறுக்கே வந்தது. வண்டி தானாக விலகும் என்று காத்திருந்தார். "பிரேக்! நீங்கதாங்க ஓட்டறீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் எருமையே நின்றுவிட்டது.

7 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை என்றும் பயிற்சியை விடவில்லை. தெருமுனையில் சிட்டிபாபு: "இன்னா சார், ஏரோப்ளேனே ஓட்றீங்கோ, இத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ணிகினு கீறீங்கோ?" இவர் குழியை விட்டு வண்டியை, யாரும் சொல்லாமலே, ஒடித்தார்.

2 மே

இன்று நான் ஒரு வார்த்தை கத்தவில்லை. கொஞ்சம் போரடித்தது.

11 ஜூன்

ஹைதராபாத்திலிருந்து எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். "எஞ்சினை நிறுத்தினாங்க. எருமைன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். பாஸ்.

அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

25 ஜூலை

கிளப்பில் இவருக்குக் கடைசி நாள். சுங்குடி நைந்துவிட்டது, இருந்தாலும் அதையே காயப்போட்டேன். காற்று சரியாக மேற்கிலிருந்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. இறக்கையை நிறைய நேரம் ஆட்டினார். கூட இருந்த மாணவன் என்ன நினைத்தானோ.

3 செப்டம்பர் 1994

இவருக்கு பம்பாயில் வேலை. மாதத்தில் நாலைந்து நாள்தான் வீடு. பெருங்களத்தூரில் புது பிளாட் பார்க்கலாம் என்கிறார். அங்கே நாற்றமில்லை, சத்தமில்லை. சரிதான். எனக்குத்தான் மனசு வரவில்லை.

தலைக்கு மேல் பெரிய விமானங்கள் போகின்றன. எதில் இவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? "நீங்களும் ஒரு ஆட்டு ஆட்டக்கூடாதா?" என்று கேட்டேன். "பின்னாடி நூறு பேர் காபி குடிச்சிட்டிருப்பாங்க" என்றார்.

11 செப்டம்பர்

மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். தையல் மிஷின் சத்தம் இல்லை, ஆனால் சின்ன விமானம்தான். எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஒரு சிவப்புப் புடவை. அதைப் பார்த்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போனது! மாவுக் கையோடு நின்றுவிட்டேன்.

சாயங்காலம் அருள்மேரி வந்தாள். இப்போது கிளப்பில் அவள்தான் பயிற்சியாளர். "நான் ஆட்டலை மேடம். ஸ்டூடண்ட் ஆட்டினான். நான் கைய முழங்கால்ல வச்சிட்டு சும்மா இருந்தேன்" என்றாள்.

சம்பளம் எப்படி என்று கேட்டேன். "அதே கதைதான் மேடம். ஏறினாத்தான்."

1 நவம்பர்

நல்ல மழை. கண் விழித்ததும் பழக்கதோஷத்தில் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். பிறகுதான், இவருக்கு இன்று சம்பளம் வந்திருக்கும், மழைக்கும் அதற்கும் இனிச் சம்பந்தமில்லை என்று உறைத்தது. நிம்மதியாகக் காபி குடிக்க உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துவிட்டேன். அந்தப் பெண்?

பள்ளி விடுமுறை. எதிர்வீட்டு போனிலிருந்து கிளப்புக்குப் பேசி அருள்மேரியைச் சாப்பிட வரச் சொன்னேன். நனைந்துகொண்டே வந்தாள், வெள்ளைச் சட்டை. வத்தக்குழம்பும் அப்பளமும். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். "இந்த வாரம் ஒருநாள்கூட ஏறலை மேடம். எனக்கு ஜலதோஷம் வேற. நாத்தம் ஏதாவது வருதா?"

நன்றாக இழுத்துப் பார்த்தேன். மண் வாசனையும் அப்பள வாசனையும்தான்.

"லேசா வருது" என்றேன்.

அவள் ஷூவைத் துடைக்க ஒரு துணி கேட்டாள்.